பக்கத்துத் தோப்பும் பத்தாம் கட்டளையும்

பிறருடையதை இச்சிக்காதே என்ற பைபிளின் பத்தாம் கட்டளை கையை அல்ல, மனசைப் பிடிக்கிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. ஒரு வருஷம் எங்கள் பெங்களூரா ரக மாமரங்களில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்துத் தோப்பிலோ கிளைகள் தரையைத் தொட்டன. மாங்கூழ் ஆலைக்கு அவர்கள் லோடு ஏற்றும்போது வேலியோரம் நின்று கூடைகளை எண்ணினேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பைபிளில் பிலிப்பியர் 4:11 வாசித்தபோது, மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அப்போஸ்தலர் பவுல் காவலில் இருந்தபடி பிலிப்பி சபைக்கு எழுதியது அது. அவரே கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே!

இப்போது வேலியோரம் போனால் அந்த வீட்டாருக்காக ஜெபிக்கிறேன். சில நாள் கண் மறுபடி கூடைக்குப் போகிறது. ஜெபத்தை மட்டும் விடுவதில்லை.