அதிபுத்திசாலி பல்பு

படுத்தபடியே போனில் லைட்டை அணைக்கலாம் என்ற சோம்பேறி ஆசையில் வைஃபை பல்பு ஒன்று வாங்கினேன். செயலியை இறக்கி, ஓடிபி போட்டு, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் இணையவில்லை. பல்பு துரைக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபைதான் ஆகுமாம். என் போன் இருந்ததோ 5 ஜிகாஹெர்ட்ஸில். சரி, ஒருவழியாக எரிந்தது.

அன்று ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் வந்தது. அணைத்து வைத்திருந்த பல்பு, கல்யாண மண்டபம் மாதிரி முழு வெளிச்சத்தில் பளீரென்று எரிகிறது. தலையணைக்கடியில் போனைத் துழாவி எடுத்தால், மோடத்துக்கு இன்னும் உயிர் வரவில்லை. சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது செயலியைத் திறந்தால் ‘சாதனம் ஆஃப்லைன்’ என்கிறது.