ஒரே குளம், இரண்டு படங்கள்

போன மாதம் அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து ஒறம்பரையெல்லாம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெரியப்பாவும் மாமாவும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தைப் பேச ஆரம்பித்தார்கள்.

"2019-ல எடப்பாடியார் அடிக்கல் நாட்டி வேலையைத் தொடங்கலீன்னா இன்னைக்கு எங்கீங் மச்சான் தண்ணி?" என்றார் மாமா.

"கல்லு நட்டா தண்ணி வந்துருமா மாப்ள? 2024 ஆகஸ்ட்டுல ஸ்டாலின் தொறந்து வெச்சப்பறந்தானே வந்துச்சு" என்றார் பெரியப்பா.

இரண்டு தேதியும் சரி. அறுபது வருசத்துக்கு மேல் நம் ஆட்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த திட்டம் அது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாக ஓடும் தண்ணீரில் ஒன்றரை டி.எம்.சி. எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு 1,900 கோடிக்கும் மேல். இத்தனை பெரிய வேலையை ஒரு ஆட்சி தொடங்கி இன்னொரு ஆட்சி முடித்தது என்று சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வாக்கியத்தை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

அப்புறம் இருவரும் போனை எடுத்தார்கள். பெரியப்பா போனில் எங்கள் ஊர்க் குளம் கரை தொட்டு நிற்கிறது. மாமா போனில் அதே குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. "இது எப்ப எடுத்த படம்?" என்று மாமா பெரியப்பாவைக் கேட்டார். "உன்ற படம் எப்ப எடுத்தது?" என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார். எதிராளி படத்தின் தேதியைக் கேட்க இருவருக்கும் தோன்றியது. தன் படத்தின் தேதியைத் தானே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மாமாவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். திருப்பூரில் முப்பது வருசமாக பனியன் கம்பெனியில் காஸ்டிங் போடுகிறவர். நூல் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால், 200 கிராம் துணி பிடிக்கிற டி-சர்ட்டுக்கு இரண்டு ரூபாய் ஏறும், கட்டிங் வேஸ்ட் தனி என்று பேப்பர் இல்லாமல் சொல்வார். வந்த நூலை எடை போடாமல் இறக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் தன் கட்சிக் குழுவில் வரும் செய்தியை மட்டும் எடை போடாமல் இறக்கிக்கொள்கிறார். பெரியப்பாவும் அப்படித்தான்.

இதைப் பற்றி 2013-ல் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டான் கஹன் குழுவினர் செய்த ஒரு சோதனை உண்டு. சுமார் ஆயிரத்து நூறு பேரிடம் தோல் அரிப்புக்கான ஒரு களிம்பின் கணக்கைக் கொடுத்தார்கள். களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குக் குணமானது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். 223 பெரிய எண் என்பதால் களிம்பு நல்லது என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள்: பூசியவர்களில் மூன்று பேருக்குக் குணமானால் ஒருவருக்கு மோசம், பூசாதவர்களில் ஐந்து பேருக்குக் குணமானால்தான் ஒருவருக்கு மோசம். பூசாமல் விட்டதே மேல். கணக்கு நன்றாக வருகிறவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

வேறு சிலருக்கு அதே எண்களுக்குத் தலைப்பை மட்டும் மாற்றி, பொது இடத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போவதைத் தடை செய்த ஊர்களில் குற்றம் கூடியதா குறைந்ததா என்று கேட்டார்கள். அங்கே அது கட்சிச் சண்டை. முதல் பார்வைக்குத் தெரிகிற விடை தன் கட்சிக்குப் பிடிக்காததாக இருந்தால் வகுத்துப் பார்த்தார்கள். அது பிடித்ததாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்களிடம்தான் இந்த வித்தியாசம் அதிகம் என்றும் எழுதினார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து, 'படித்தவனே மோசம்' என்று பல இடங்களில் பேசியிருக்கிறேன். மாமாவைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். இந்தப் பதிவுக்காகத் தேடியபோதுதான், 2021-ல் இன்னொரு குழு அதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்ததும், கணக்கு வருகிறவர்களிடம் அந்தச் சாய்வு கூடுதல் என்ற பகுதி அவர்களுக்குக் கிடைக்காததும் தெரிந்தது. இத்தனை வருசம் நான் ஏன் தேடவில்லை? முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத ஆய்வாக இருந்திருந்தால் அன்று ராத்திரியே தேடியிருப்பேன். மாமாவிடம் போன் போட்டுச் சொன்னேன். "செரி அம்மிணி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது குளத்துக்கு வருகிறேன். வருவது உபரித் தண்ணீர் என்பதால் கோடையில் குளம் வறண்டிருப்பதை வைத்துத் திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. நல்ல மழைக்குப் பின் நிரம்பிக் கிடப்பதை வைத்து ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டு படமும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் எதையும் நிரூபிக்காமலும் இருக்கலாம். ஆற்றில் உபரி ஓடிய நாட்களில் எங்கள் குளத்துக் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் விழுந்தது? அதைத்தான் கேட்க வேண்டும். கரையில் ஆடு மேய்க்கும் அக்காவைக் கேட்டாலே சொல்லிவிடும்.

அதனால் இருவரிடமும் ஒரு கேள்வி வைத்தேன். அடுத்த முறை பவானியில் உபரி ஓடும்போது, எத்தனை நாள் தண்ணீர் விழுந்தால் அல்லது விழாமல் போனால் நீங்கள் உங்கள் பேச்சை மாற்றிக்கொள்வீர்கள்? நாள் கணக்கை இப்போதே சொல்லிவிடுங்கள்.

திட்டம் நன்றாக ஓடுகிறது என்று சொல்லி வருகிறவள் நான். இருபது நாளுக்குக் குறைந்தால் நான் சொன்னது தப்பு என்று டைரியில் எழுதிவிட்டேன். பெரியப்பா முதலில் முப்பது என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டு, பதினைந்து என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். மாமா இன்னும் எண் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போகிறேன், நேரில் கேட்க வேண்டும்.