முன்ஷிக்குக் கைதட்டியவர்களுக்கு

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை, பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். "விக்டோரியா மகாராணிக்கு இந்தியர் என்றால் உயிர், அப்துல் கரீமைப் பாருங்கள்" என்று பேச்சாளர் சொன்னதும் அப்படி ஒரு கைதட்டல். அதுவும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கரும்புத் தோட்டக் கூலிகளின் வாரிசுகள். ரொம்ப சந்தோஷம்.

சரி, கரீம் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆக்ரா சிறையில் குமாஸ்தா. 1887இல், 24 வயதில், ராணியின் சாப்பாட்டு மேசையில் பரிமாறப் போனார். அடுத்த வருடமே முன்ஷி, ராணிக்கு உருது வாத்தியார். அப்புறம் நிலம், வீடு, பட்டம். 1901இல் ராணி கண்ணை மூடியதும் புது ராஜா ஆளனுப்பி, ராணி அவருக்கு எழுதிய கடிதங்களை வாங்கிக் கொளுத்தச் சொன்னார். ஆளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1909இல் ஆக்ராவில் செத்துப்போனார். ஒருத்தருடைய பிரியம் இருந்தவரைதான் மதிப்பு. உரிமை என்று அவர் கையில் ஒன்றும் இல்லை.

கரீமுக்குப் பட்டம் கொடுத்தது 1895. அதே 1895இல்தான், டர்பனை உள்ளடக்கிய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில், நம் ஆட்கள் மேல் 3 பவுன் வரிச் சட்டம். தோட்ட வேலை ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருந்தால் வருடா வருடம் கட்ட வேண்டும். முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங், ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு மாதச் சம்பளம். ராணி போன பிறகு, 1903இல், அதை 13 வயது தாண்டிய பெண் பிள்ளைக்கும் நீட்டினார்கள். இந்தியர் என்றால் உயிராம்!

"சட்டம் போட்டது நேட்டால் அரசு, ராணி என்ன செய்வார், பாவம்" என்பீர்கள். அவருடைய ஒப்புதலோடுதான் ஐயா வந்தது. "அரண்மனைக்காரர்கள் கரீமை நிறத்துக்காகவும் வெறுத்தார்களே" என்றால், ஆமாம், வெறுத்தார்கள். 1897 பிரான்ஸ் பயணத்துக்கு அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றே மிரட்டினார்கள். கரீம் மேல் எனக்குக் கோபமே இல்லை. "பழங்கதை இப்போது எதற்கு" என்கிறவர்களுக்கு ஒன்றுதான்: அதை மேடையேற்றியது நானில்லை.

என் அப்பா ஒரு சர்க்கரை ஆலையில் பெரிய துரைக்கு வலது கை. கிறிஸ்துமஸ் வந்தால் துரை வீட்டுக் கேக் தகர டப்பாவில் வரும், தெருவே பார்க்கும். துரை ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் அப்பாவை ஆலை வாசலிலேயே நிறுத்திச் சாவியை வாங்கிக்கொண்டார். பென்ஷன் கேட்டுப் போனபோது, உன்னை யாரென்றே தெரியாது என்றார்கள். அம்மா அந்த டப்பாவில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள், எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நம் ஆட்கள் முதன்முதலில் இங்கே கப்பலில் வந்திறங்கிய நாளான நவம்பர் 16க்கும் இதே பேச்சாளர்தான் என்றால், நன்கொடைக்கு என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.