ராம்ஸ்டைன்: விமானியின் பிழைக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவுகள்

ராம்ஸ்டைன் வான்சாகச விபத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஒரு விமானி கணக்குத் தவறிவிட்டார், அதனால் 70 பேர் இறந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விமானி கணக்குத் தவறியது உண்மைதான். ஆனால் அந்தத் தவறு மூன்று விமானிகளின் உயிரோடு நின்றுவிடாமல் தரையில் இருந்த 67 பேரையும் சேர்த்துக் கொண்டுபோனதற்குப் பொறுப்பு, அந்தச் சாகசத்தை எந்தத் திசையில், எவ்வளவு தாழ்வாக, மக்களுக்கு எவ்வளவு அருகில் செய்யலாம் என்று பல நாட்களுக்கு முன்பே ஒப்புதல் கொடுத்தவர்களுடையது.

1988 ஆகஸ்ட் 28 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மேற்கு ஜெர்மனியில் இருந்த ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளம் பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்டிருந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பேர், பலர் குழந்தை குட்டிகளோடு, அங்கே கூடியிருந்தார்கள். பிற்பகலில் இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழுவான ஃப்ரெச்சே த்ரிகொலோரி, எம்பி-339 ரக ஜெட் விமானங்கள் பத்துடன் மேலே ஏறியது. அவர்கள் செய்து காட்டத் தொடங்கிய சாகசத்துக்குத் 'துளைக்கப்பட்ட இதயம்' என்று பெயர். ஒன்பது விமானங்கள் ஐந்தாகவும் நான்காகவும் பிரிந்து, புகையால் இதயத்தின் இரண்டு பாதிகளையும் வானத்தில் வரைந்தபடி கீழே இறங்கி, ஓடுபாதைக்கு இணையாக எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டும். தனியாகப் பிரிந்த பத்தாவது விமானம் வானத்தில் ஒரு பெரிய வளையம் அடித்துவிட்டு, அம்பு பாய்வதைப் போல அந்த இதயத்தின் ஊடாகப் புகுந்து வெளியே வர வேண்டும். அது வெளியே வரும் திசையில்தான் மக்கள் நின்றிருந்தார்கள்.

பத்தாவது விமானத்தை ஓட்டிய ஈவோ நுத்தரெல்லி, அந்தக் குழுவின் அனுபவம் மிக்க விமானிகளில் ஒருவர். அன்று அவர் சந்திப்புப் புள்ளிக்குச் சற்று முன்னதாகவும், இருக்க வேண்டிய உயரத்தைவிடத் தாழ்வாகவும் வந்து சேர்ந்தார். அவருடைய விமானம், குழுத்தலைவர் மாரியோ நால்தீனியின் விமானத்தின் மீதும் ஜோர்ஜோ அலேசியோவின் விமானத்தின் மீதும் மோதியது. அலேசியோவின் விமானம் ஓடுபாதையருகே விழுந்து வெடித்தது. நால்தீனி இருக்கையோடு வெளியே குதித்தும், பாராசூட் விரிவதற்குள் தரையில் மோதி இறந்தார். அவருடைய விமானம், அவசரத்துக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மருத்துவ ஹெலிகாப்டரின் மேலேயே போய் விழுந்தது. தீக்காயமடைந்த அந்த ஹெலிகாப்டரின் விமானி, சில வாரங்கள் கழித்து டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் உயிரிழந்தார். நுத்தரெல்லியின் விமானமோ தரையில் மோதி, எரியும் எரிபொருளோடு உருண்டு, வேலியையும் பிய்த்துக்கொண்டு, ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்த குளிர்பதன வண்டி இருந்த இடம் வரை வந்தது. நிகழ்ச்சியை நன்றாகப் பார்க்கலாம் என்று பலர் தேடிப்போய் நின்றிருந்த இடம் அது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒரு எளிய இயற்பியலைத்தான். வேகமாகப் பறக்கும் ஜெட் விமானம் நடுவானில் உடைந்தால், அதன் துண்டுகளும் எரிபொருளும் அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே தொடர்ந்து போகும். ஓடுபாதைக்கு இணையாகச் சென்றுகொண்டிருந்த மற்ற இரண்டு விமானங்களும் கூட்டத்துக்குள் வந்து விழவில்லை. கூட்டத்தை நோக்கி வந்த விமானம்தான் கூட்டத்துக்குள் விழுந்தது. அதே நுத்தரெல்லி, அதே கணக்குப் பிழையை, மக்கள் இல்லாத பக்கத்தை நோக்கிப் பறக்கும்போது செய்திருந்தால், அன்று மாலை இத்தாலியில் மூன்று விமானிகளின் குடும்பங்கள் அழுதிருக்கும்; வேடிக்கை பார்க்கப் போனவர்களில் பெரும்பாலானோர் வீடு திரும்பியிருப்பார்கள்.

இப்படி நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். தெரிந்திருந்தது என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம். ராம்ஸ்டைனுக்கு 36 ஆண்டுகளுக்கு முன்பு, 1952 செப்டம்பர் 6 அன்று, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில், ஜான் டெர்ரி ஓட்டிய டிஎச்-110 என்ற சோதனை விமானம் கூட்டத்தை நோக்கித் திரும்பும்போது வானத்திலேயே உடைந்து சிதறியது. அதன் எஞ்சின் பார்வையாளர்களுக்கு நடுவே வந்து விழுந்தது. பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அங்கே விமானி தவறு எதுவும் செய்யவில்லை, இறக்கை தாங்கவில்லை. அதற்குப் பிறகு பிரிட்டன், சாகச விமானங்கள் கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதற்குக் கறாரான விதிகளை எழுதிக்கொண்டது. ஒரு நாடு தன் மக்களின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை, அதே கண்டத்தில், அதே ராணுவக் கூட்டணியில் இருந்த மற்ற நாடுகள் தங்கள் தளங்களில் நடைமுறைப்படுத்தாமல் 36 ஆண்டுகள் கழித்தன.

விபத்துக்குப் பிறகு நடந்தவையும் தரையில் இருந்தவர்களின் பொறுப்புதான். அமெரிக்கப் படையினர், காயமடைந்தவர்களைக் கிடைத்த வண்டியில் ஏற்றி உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் தங்கள் பழக்கத்தின்படி செயல்பட்டார்கள். ஜெர்மன் மீட்புப் பணியாளர்கள், முதலில் அந்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்து நிலைப்படுத்திவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும் என்று பழகியவர்கள். யார் யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க ஒரு பொதுவான தலைமை இல்லை. தீக்காயம் பட்டவருக்கு முதலில் தேவைப்படுவது நரம்பு வழியாக ஏற்றும் திரவம். அமெரிக்கர்கள் கையில் பொருத்திய ஊசிக்குழாயோடு ஜெர்மானியர்களின் டிரிப்ஸ் குழாய் பொருந்தவில்லை. அந்த இணைப்பின் அளவு சில மில்லிமீட்டர் சமாச்சாரம். அந்தத் தளத்தில் இரண்டு நாட்டவரும் பல்லாண்டுகளாக அக்கம்பக்கமாக வாழ்ந்து வந்தும், நிகழ்ச்சிக்கு முன்பு யாரும் அந்த இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்திருக்கவில்லை. பலத்த தீக்காயம் பட்டவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒரு பேருந்து, வழி தெரியாத ஓட்டுநரோடு அலைந்து, லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்துத் தீக்காய மருத்துவமனையை அடைவதற்குப் பல மணி நேரம் ஆனது. இறந்தவர்களில் பலர் அன்றே இறக்கவில்லை. அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் மருத்துவமனைகளில் இறந்தார்கள். அந்த முதல் சில மணி நேரம் அவர்களில் எத்தனை பேருக்கு முக்கியமாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

நுத்தரெல்லியும் நால்தீனியும் 1980-ல் இத்தாலியின் உஸ்திகா தீவருகே 81 பேருடன் விழுந்த பயணிகள் விமானத்தைப் பற்றி ஏதோ அறிந்திருந்தார்கள், அதனால்தான் ராம்ஸ்டைன் நடந்தது என்று ஒரு சதிக்கதையும் உலவுகிறது. உஸ்திகாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராம்ஸ்டைனை விளக்க அந்தக் கதை தேவையில்லை. நொடிக்கணக்கில் மட்டுமே இடைவெளி வைத்து மூன்று திசைகளிலிருந்து வரும் பத்து ஜெட் விமானங்களை மக்களுக்கு முன்னால் சந்திக்க வைத்தால், என்றாவது ஒருநாள் அந்த நொடி தவறத்தான் செய்யும்.

ஜெர்மனி மூன்று ஆண்டுகளுக்கு இத்தகைய சாகசங்களுக்குத் தடை விதித்தது. மீண்டும் அனுமதித்தபோது உயரம், தூரம், திசை எல்லாவற்றிலும் விதிகள் இறுகின. அந்த மாற்றத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் விதிகள் இன்னும் முக்கியமாகப் பார்வையாளர் மைதானத்தைத்தான் காக்கின்றன. சுற்றியிருக்கும் ஊரை அந்த அளவுக்குக் காப்பதில்லை. 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத்தில் நம் கடற்படையின் சாகசக் குழுவான சாகர் பவனின் கிரண் விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல் விழுந்து, அதில் இருந்த இரண்டு அதிகாரிகளும் இறந்தார்கள். 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில், ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில், நம் விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். 2023 செப்டம்பர் 16 அன்று, அதே ஃப்ரெச்சே த்ரிகொலோரியின் ஒரு விமானம் இத்தாலியின் டூரின் விமான நிலையத்திலிருந்து மேலெழும்போதே விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார், விமான நிலைய வேலிக்கு வெளியே சாலையில் காரில் போய்க்கொண்டிருந்த குடும்பத்தின் ஐந்து வயதுச் சிறுமி இறந்தாள். அவள் எந்தச் சாகசத்தையும் பார்க்க வந்தவள் அல்ல.

2024 அக்டோபர் 6 அன்று சூரியகிரணும் விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகசக் குழுவான சாரங்கும் சென்னை மெரினாவின் மேலே எந்தக் குறையும் இல்லாமல் பறந்தன. கீழே வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். அது விமான விபத்து அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வானத்தில் நடப்பதற்கு எடுத்துக்கொண்ட கவனத்தைக் கீழே நிற்பவர்களுக்கும் எடுத்துக்கொண்டோமா என்ற கேள்வி ராம்ஸ்டைனுக்கும் மெரினாவுக்கும் பொதுவானது.

சூரியகிரணை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழுவில் பறப்பவர்களின் திறமையையும் துணிவையும் மதிக்கிறேன். நான் கேட்பது வேறு. 2020 மே 17 அன்று கனடாவின் ஸ்னோபேர்ட்ஸ் குழு விமானம் கம்லூப்ஸில் வீடுகளுக்கு நடுவே விழுந்து கேப்டன் ஜெனிஃபர் கேசி இறந்தபோது, எஞ்சினுக்குள் பறவை புகுந்ததே காரணம் என்பதைக் கனடிய விமானப்படை தன் விசாரணை அறிக்கையில் பொதுமக்களுக்கு வெளியிட்டது. நம் நாட்டில் இத்தகைய விபத்துகளின் ராணுவ விசாரணை அறிக்கைகள் பொதுவாக மக்கள் பார்வைக்கு வருவதில்லை. ராணுவ ரகசியம் எதுவும் இல்லாத பகுதிகளையாவது வெளியிட வேண்டும். ஒவ்வொரு சாகச நிகழ்ச்சிக்கும் முன்பு, விமானங்கள் எந்தக் குடியிருப்புகளின் மேலே தாழப் பறக்கும், கூட்டம் எந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், எத்தனை பேருக்கு இடம் உண்டு, ஆம்புலன்ஸ் எந்த வழியாக எந்த மருத்துவமனைக்குப் போகும் என்பவற்றை உள்ளூர் நிர்வாகமும் விமானப்படையும் சேர்ந்து கையெழுத்திட்டு, அந்தந்த ஊர் மொழியில் அறிவிக்க வேண்டும்.