உது ஆர் வாசிக்கிறது?

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஒன்றுக்கு ஒப்பரேசன் முடிந்துவிட்டது, மற்றதற்கு இன்னும் நாள் வரவில்லை. வாசிப்பு நின்றுபோன மனுசி சும்மா இருக்க மாட்டா என்று, பற்றரி செத்த ஒரு பழைய லாப்டொப்பை வீட்டு மூலையில் வைத்து, ஓடியோபுக்ஷெல்ஃப் என்ற இலவசச் செயலியைப் போட்டு, கிடைத்த ஒலிப்புத்தகங்களை எல்லாம் அதில் அடுக்கிக் கொடுத்தேன். மாங்குளத்தில் எங்கள் பக்கம் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் வராது. அதற்கு இன்ரநெற்றே தேவையில்லை. வீட்டு ரவுட்டர் வேலை செய்தால் போதும், அம்மாவின் போனில் கதை ஓடும்.

முதல் நாள் பின்னேரமே கேள்வி வந்தது.

"தம்பி, உது ஆர் வாசிக்கிறது?"

"தெரியேல்லை அம்மா. எழுதினது கல்கி."

"எழுதினவரை எனக்குத் தெரியும். வாசிக்கிற பிள்ளை ஆர் எண்டு கேக்கிறன்."

இந்தப் பதிவே அந்தக் கேள்வியைப் பற்றித்தான். கோப்புக்குள்ளே எழுதி வைக்கிற விவரங்களை, டேக் என்கிறார்களே, அதை நம்மில் கனபேர் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. பாட்டு என்றால் பரவாயில்லை, இரண்டு வரி கேட்டாலே எந்தப் பாட்டென்று தெரிந்துவிடும். பதினைந்து மணித்தியாலப் புத்தகம் 'டிராக் 01', 'டிராக் 02' என்று கிடந்தால் அதைக் குப்பையில் போட்டதற்குச் சமன்.

பொன்னியின் செல்வனையே எடுங்கள். ஐந்து பாகம், 293 அத்தியாயம். பாகத்தின் பெயரை மட்டும் போட்டு, இலக்கம் போடாமல் விட்டேன். செயலி அகரவரிசையில் அடுக்கியது. முதலில் கொலை வாள், பிறகு சுழற்காற்று, பிறகு தியாக சிகரம், அதன் பிறகுதான் புது வெள்ளம், கடைசியில் மணிமகுடம். அதாவது மூன்றாம் பாகத்தில் தொடங்கி, இரண்டுக்கு வந்து, ஐந்தில் கதையை முடித்துவிட்டு ஒன்றுக்குப் போக வேண்டும். அம்மா அந்தக் கதையை மூன்று தரம் வாசித்தவ என்பதால் தப்பினேன். அத்தியாயக் கோப்புகளிலும் இதே கூத்து: 1க்குப் பிறகு 10, பிறகு 100, பிறகு 101. 001 என்று மூன்று இலக்கத்தில் எழுதினால்தான் எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒழுங்காக நிற்கும்.

கனடாவில் இருக்கும் நண்பன் சிரித்தான். "ஏன்டா கையால எழுதுறாய்? மாட்ச் பொத்தானை அமத்து, எல்லாம் தானா வரும்." அமத்தினேன். வந்தது. தமிழ் நாவல் ஒன்றுக்கு வெள்ளைக்காரத் துப்பறிவாளர் ஒருவரின் அட்டைப்படமும், ஆங்கிலத்தில் கதைச்சுருக்கமும். அந்தப் பொத்தான் போய்த் தேடுவது பெரிய கடைகளின் பட்டியலில். கடையில் விற்காத புத்தகம் அதற்கு எப்படித் தெரியும்? அவனுடைய ஆங்கிலப் புத்தகங்களுக்கு அது வாய்ப்பாக இருக்கலாம். நம்முடையதற்கு, தானாக வருவது எதுவும் வராமல் இருப்பதைவிட மோசம். வெறும் இடமென்றால் வெறும் இடமென்று தெரியும். பிழையாக நிரம்பியதை ஆறு மாதம் கழித்து யார் கண்டுபிடிப்பது?

பாமினியின் கொடுமை தனி. இங்கே பழைய சீடிகளுக்குப் பெயர் அடித்தவர்கள் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். கொம்பியூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து, எழுத்துரு மட்டும்தான் தமிழ் வேசம் போடுகிறது. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. டேக்கில் எழுத்துருவைச் சேர்த்து வைக்க முடியாது, அதனால் போனில் அந்த வேசம் கலைந்துவிடும். உறவுக்காரர் ஒருவர் தந்த டிஸ்க்கில் அப்படி 60 சொச்சம் கோப்புகள். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தும் பார்க்க வேண்டும்.

யூனிகோடிலும் பொறி உண்டு. 'பொ'வில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது; தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஔவையாரை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்தவர்களும் கனபேர். அந்த ஔவையார் 'ஒளி' பக்கத்தில் போய் நிற்பார். ஆசிரியர் பெயர் இன்னொரு தலையிடி. கல்கி, கல்கி கிருஷ்ணமூர்த்தி, ரா. கிருஷ்ணமூர்த்தி, ஆங்கிலத்தில் எழுதிய கல்கி என்று என் அலுமாரியில் நாலு பேர் இருந்தார்கள். போதாக்குறைக்கு, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து அடுக்கும் வசதி வேறு. தகப்பன் பெயரை முன்னுக்கு வைக்கிற நமக்கு அது தற்செயலாகச் சரிவரும், எப்போது சரிவராது என்று சொல்ல முடியாது. நான் ஒரு பெயர், ஒரு எழுத்துக்கூட்டல் என்று முடிவெடுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆம், கடதாசிக் கொப்பியில்.

இனி, வாசித்தவர். எம்பி3 கோப்பின் டேக்குக்குப் பெயர் ஐடி3. 1996இல் வந்த முதல் வடிவம் வெறும் 128 பைட். தலைப்புக்கு 30 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒன்று யூனிகோடில், யூடிஎஃப்-8 முறைப்படி, 3 பைட் எடுக்கும். 'பொன்னியின்' என்பதோடு 30 முடிந்துவிடும், செல்வனுக்கு இடமில்லை. இப்போதைய வடிவங்களில் அந்த நெருக்கடி கிடையாது. ஆனால் அடிப்படையில் எல்லாமே பாட்டுக்காகச் செய்தது. தொடக்கத்தில் கொடுத்த 80 வகைகளில் போல்கா நடனத்துக்கு இடமிருந்தது, பேச்சுக்கு இல்லை. வாசித்தவருக்கென்று தனிப் பெட்டியும் இல்லை. அதனால் ஒலிப்புத்தகக்காரர்கள் இசையமைப்பாளர் பெட்டியில் வாசித்தவரைப் போடுகிறார்கள், ஓடியோபுக்ஷெல்ஃபும் அங்கிருந்துதான் எடுக்கிறது. பெரியம்மா போனில் வாசித்து அனுப்பிய நாட்டார் கதைகளை அப்படிப் பதிந்தேன். மருமகன் அதைக் காரில் போட்டால் திரையில் 'இசையமைப்பாளர்: பெரியம்மா' என்று வருகிறதாம். மனுசிக்குப் பெருமை தாங்கவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். போன மாரியில் கறண்ட் போய் வந்து, போய் வந்து, லாப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் எழும்பவேயில்லை. புத்தகங்கள் வெளியே யூஎஸ்பி டிஸ்க்கில் இருந்தபடியால் தப்பின. ஆனால் நான் மாதக்கணக்காகச் செயலிக்குள்ளே திருத்திய பெயர்கள், வரிசைகள், குறிப்புகள் எல்லாம் அதன் தரவுத்தளத்தில். பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். அதே ஹார்ட் டிஸ்க்கில்தான்.

புது டிஸ்க் போட்டு, செயலியைத் திரும்ப நிறுவி, தேடவிட்டேன். டேக் எழுதும் எம்பி3டேக் என்ற மென்பொருளைக் கொண்டு கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தவை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வந்து வரிசையில் நின்றன. செயலியின் திரையில் மட்டும் திருத்தியவை எல்லாம் பழையபடி 'டிராக் 01'.

வன்னியில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய பாடம். இடம்பெயரும்போது அம்மா ஒவ்வொரு மூட்டையிலும் பெயரைத் துணியிலேயே எழுதுவா. பட்டியலைக் கொப்பியில் எழுதிக் கொப்பியைத் தொலைத்தால் மூட்டை யாருடையதென்று யாருக்குத் தெரியும்? 90களில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி அப்பா றேடியோ நாடகம் கேட்டவர். ஒலிப்பதிவு செய்த கசெற் ஒவ்வொன்றின் முதுகிலும் நாடகம், நடித்தவர், திகதி என்று பேனையால் எழுதியிருந்தார். அந்தப் பெட்டி 2009இல் புதுக்குடியிருப்பைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் இன்றைக்கும் எது எதென்று தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது என் முறை இதுதான்: முதலில் கோப்புக்குள், பிறகுதான் செயலிக்குள். செயலியில் திருத்தினாலும், திருத்தியதைக் கோப்பில் பதித்துவிடும் கருவி அதிலேயே இருக்கிறது; விவரக் கோப்பைப் புத்தகத்தின் ஃபோல்டரிலேயே வைக்கும் தெரிவும் இருக்கிறது. இரண்டையும் போட்டுவிட்டேன். நீண்ட புத்தகங்களை எம்4பி என்ற ஒலிப்புத்தகக் கோப்பு வகைக்கு மாற்றினால் அத்தியாயங்களும் ஒரே கோப்புக்குள் வந்துவிடும். ஆனால் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய காலத்தில் வாங்கிய சின்ன மெமரிகார்ட் றேடியோவில் எம்4பி ஓடாது. அது டேக்கையும் பார்க்காது. கார்டில் எந்த ஒழுங்கில் கொப்பி பண்ணினோமோ அந்த ஒழுங்கில்தான் வாசிக்கும். ஆகவே அம்மாவுக்காக எம்பி3யும் ஒரு பிரதி இருக்கிறது.

இன்னும் 40க்கு மேல் பெயரில்லாத கோப்புகள் மீதி. அந்த உறவுக்காரரின் டிஸ்க்கில் வந்தவை. ஒரு பெண் குரல், பின்னால் மழை, இடையில் ஒரு சேவல். நேற்று அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உது மல்லாவியில படிப்பிச்ச ரீச்சற்ற குரல் மாதிரிக் கிடக்கு" என்றா. எந்த ரீச்சர் என்று கேட்டால் பெயர் வாயில் வரவில்லையாம். இசையமைப்பாளர் பெட்டியில் 'மல்லாவி ரீச்சர்?' என்று கேள்விக்குறியோடு போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பெயர் ஞாபகம் வந்தால் மாற்ற வேண்டும்.