அந்த ஓடை காலியா இல்ல

ரெண்டு நாளா பேசாம இருந்துடலாம்னுதான் பாத்தேன், முடியல. நீங்க எல்லாரும் பாத்த அதே வீடியோதான். நம்ம சிங்கப்பூர்ல ஒரு காட்டோர ஓடையில அந்தப் பையன் பிளாஸ்டிக் பைய அவுத்து வீட்டுத் தொட்டியில வளத்த மீன விடுறான், அம்மா கைதட்டுறாங்க, கீழ வரிசையா ஹார்ட்டு. நான் போட்டது ஒரே வரி, "தயவுசெஞ்சு விடாதீங்க, அங்க ஏற்கனவே மீன் இருக்கு". அதுக்கு எனக்குக் கெடச்ச பேரு ஈவு இரக்கம் இல்லாதவன். சொன்னவங்கள்ல ரெண்டு பேரு தீபாவளிக்கு என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டவங்க.

அந்த ஓடை காலியா இல்லங்க. நம்ம கண்ணுக்குத் தெரியலன்னா காலின்னு ஆயிடுமா?

பையில இருந்தது ஹார்லெக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில கறுப்பா ஒரு முக்கோணம், நல்லா வளந்தாலும் ரெண்டு அங்குலத்த ஒட்டித்தான் வரும். "அது நம்ம ஊரு மீன்தானே அண்ணே, அதோட வீட்டுக்குத்தானே அனுப்புறாங்க"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. நல்ல கேள்வி, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். ஆமா தம்பி, நம்ம ஊரு மீன்தான். சிங்கப்பூர், மலேசியா, சுமத்ரா, தாய்லாந்தோட தெக்குப் பக்கம், இதுதான் அதோட பூர்வீகம். 1904லயே டுங்கர்ங்கற ஜெர்மன்காரர் இதுக்கு அறிவியல் பேரு வெச்சிட்டாரு. இந்தத் தீவுல அது இன்னும் காட்டு மீனா இருக்குன்னா அது நீ சூன் சதுப்புநிலக் காட்டாலதான், நம்மகிட்ட மிஞ்சியிருக்கற கடைசி நன்னீர் சதுப்புக் காடு அது.

அனுமதி வாங்கின ஒரு குழுவோட ஒரே ஒரு தடவ நான் உள்ள போயிருக்கேன். தண்ணி டீ ஓ, அதாவது பால் ஊத்தாத டீ மாதிரி இருந்துச்சு. அழுக்கு இல்ல, இலை ஊறி ஊறி எறங்கின சாயம், அதனாலதான் அந்தத் தண்ணி புளிப்புத்தன்மையோட இருக்கும். முதல்ல ஒண்ணுமே தெரியல. மரத்துக்கு நடுவுல வெயில் ஒரு கோடு மாதிரி எறங்கிச்சு பாருங்க, அந்தக் கோட்டுக்குள்ள ஏழெட்டு முக்கோணம் ஒண்ணா திரும்புச்சு, அடுத்த நொடி இருட்டுக்குள்ள போயிடுச்சு. சத்தியமா கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

பையில இருந்தது அந்த மீன் இல்ல. தலைமுறை தலைமுறையா தொட்டியில வளத்தது, கடையில எந்தெந்த நாட்டு மீனோடயோ கிடந்துட்டு வந்தது. வெள்ளைப் புள்ளி நோய் இருக்கா, வேற ஒட்டுண்ணி இருக்கா, யாரு பாத்தா? தொட்டியில வந்தா மருந்து ஊத்துவீங்க, ஓடையில யாரு ஊத்துவா? தப்பிப் பொழச்சு காட்டு மீனோட கலந்தா அந்தக் காட்டு வம்சமே மாறிப் போகும். பொழைக்கலன்னா, பெரும்பாலும் அதுதான் நடக்கும், பழகாத தண்ணியில பசியில செத்துப் போகும். இதுல எது சுதந்திரம்?

"பத்து மீன்தானே"ன்னு சொல்றவங்க அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தப் பாருங்க. தென் அமெரிக்காவோட மோட்டோரோ திருக்கை அங்க குட்டி போட்டு வாழுது. அது பறந்து வந்துச்சா? யாரோ வளத்தவங்க விட்டதுதான்.

"தொட்டியில அடைக்கிறது மட்டும் புண்ணியமா"ன்னு கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. "மனுசனுக்கே வழியில்ல, இவரு மீனுக்கு அழுறாரு"ன்னு எழுதின அக்காவுக்கு மட்டும் சொல்றேன். மனுசனுக்கு நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்கே தெரியும்கா, உங்க வீட்டு விசயத்துலயே தெரியும். அத எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நெனச்சிருக்கலாம்.

எங்கப்பா ஈசூன் மூணறை வீட்டுல இதே ஹார்லெக்வின்தான் வளத்தாரு. வேலை முடிஞ்சு வந்து சட்டையக் கூட கழட்டாம தொட்டி முன்னாடி உக்காந்துடுவாரு. ஒரு நாள் காலையில என்னை எழுப்பிக் காட்டினாரு. பொட்ட மீன் தலைகீழா கவுந்து, அகலமான இலையோட அடிப்பக்கத்துல வயித்த ஒரசிக்கிட்டே போகுது, ஆண் மீனும் கூடவே கவுந்து அதச் சுத்தி வளைக்குது. இலைக்கு அடியில கண்ணாடி மணி மாதிரி முட்டை. ஒரு நாளுல பொரிச்சிடும்டா, ஆனா இதுங்களே தின்னுடும், காவலெல்லாம் இருக்காதுன்னு சொன்னாரு. காட்டுலயும் இதே கததான், கிரிப்டோகொரைன் மாதிரி செடியோட இலைக்கடியில ஒட்டிட்டுப் போயிடும், அந்த இலையும் அந்தத் தண்ணியும்தான் பாத்துக்கணும். நாம சும்மா இருந்தாலே அது பொழச்சுக்கும், அதத்தான் நான் கேட்டேன்.

2020லேருந்து வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாம விடறது குற்றம்னும் சொன்னேன், "சட்டம் பேசுறாரு"ன்னு சிரிச்சாங்க. அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே இல்ல, அவன் நல்லது செய்றதா நெனச்சுத்தான் செஞ்சான். பக்கத்துல நின்னு கைதட்டினவங்க, ஹார்ட்டு போட்டவங்க, உங்க மேலதான் வருத்தம்.

அப்பா போனப்புறம் அந்தத் தொட்டிய எங்களால பாத்துக்க முடியல. மீனோட மூணு கடை ஏறி எறங்கினேன், ரெண்டு கடையில வேணாம்னுட்டாங்க. பைய மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல உக்காந்திருந்தப்ப சிலேத்தார் தண்ணி ஜன்னல்ல தெரிஞ்சுது. எறங்கல. மூணாவது கடை அங்கிள் காசு வாங்காம எடுத்துக்கிட்டாரு.

தொட்டி இன்னும் எங்கிட்டதான் இருக்கு, ரெண்டடி, நேத்து கழுவி தண்ணி நிரப்பி ஃபில்டர் ஓட விட்டிருக்கேன். தண்ணி பதமாக கொஞ்ச நாள் ஆகும். வளக்க முடியாத சின்ன மீன் யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். என்னைத் திட்டினவங்களும் சொல்லலாம்.