ஈஆர்பி எதற்கு? எடை போடும் இடத்திலிருந்து பாருங்கள்

திருப்பூரில் ஈஆர்பி, அதாவது கம்பெனியின் எல்லாப் பிரிவுக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர், போட்ட பனியன் கம்பெனிகளில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், "பையர் கேட்கிறார், ஆடிட்டர் சொன்னார்" என்பார்கள். பொய்யில்லை. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர வெளியே, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்கிறது ஜிஎஸ்டி சட்டம். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் துணியிலேயே இருக்கிறது. ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்கு நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் இன்னோரிடம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிசி (சரக்கோடு வரும் டெலிவரி சலான்), ஒரு எடை. டையிங் முடிந்து வரும் துணி எடை குறைந்துதான் வரும். எத்தனை கிலோ குறைந்தது என்பது ஸ்டோர்காரர் நோட்டில் இருக்கும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் எக்செலில் பழைய எடையே நிற்கும். அக்கவுண்ட்ஸுக்கோ பில் வந்தால்தான் விஷயமே தெரியும். கடைசியில் கட்டிங் டேபிளில்தான் துணி பத்தாது என்று தெரியவரும். அப்புறம் அவசரமாக நூல் வாங்கி, மறுபடி சாயம் போட்டு, ஷேடு சேராமல் சண்டையாகி, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்த ஆர்டரில் கிடைத்திருக்க வேண்டிய லாபம் ஏர் பிரெய்ட்டுக்கே சரியாகிவிடும்.

துணி உள்ளே வந்து எடை போட்டதுமே அந்த எடை மூன்று பேருக்கும் தெரிந்தாக வேண்டும். நான் ஈஆர்பி வேண்டும் என்பது இதற்காகத்தான். முதலாளி செல்போனில் கலர் கலராக கிராப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பணத்தைக் கொட்டினால் மட்டும் இது நடக்காது. ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட் நிறுவனமான லிடில் ஏழு ஆண்டுகள் பாடுபட்டு, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த எஸ்ஏபி (ஒரு பெரிய ஈஆர்பி சாஃப்ட்வேர்) திட்டத்தை 2018ல் கைவிட்டதாக அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. கையிருப்புச் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம். சாஃப்ட்வேர் விற்பனை விலையில் மதிப்பிடும். அந்த வழக்கத்தை விட மனமில்லாமல் சாஃப்ட்வேரை வளைத்ததும் தோல்விக்கு ஒரு காரணம் என்றார்கள்.

நம்மூரில் விட வேண்டிய வழக்கம், "சாயங்காலம் மொத்தமா என்ட்ரி போட்டுக்கலாம்" என்பது. அது இருக்கும்வரை எந்த சாஃப்ட்வேரும் நேற்றைய கணக்கைத்தான் காட்டும். ஆனால் ஸ்டோர்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டெமோ எம்டி ரூமிலேயே முடிந்துவிடுகிறது, அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அடுத்த டெமோவுக்கு அவரை முன்னால் உட்கார வையுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது ஒரு டிசியை ரோல், டயா (துணியின் அகல அளவு), ஷேடு, எடையோடு அவரே போட்டுப் பார்க்கட்டும். நோட்டில் எழுதுவதைவிட அதிக நேரம் பிடித்தால், அந்த ஸ்கிரீனை மாற்றித் தரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.